14 விநாடிகள்: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஒரு பார்சல் காணாமற்போன நாள்

போன வருடம் நவராத்திரிக்கு முந்திய கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்கள் தொடர்மாடியின் ஆறாம் மாடியில் ஒரு பார்சல் காணாமற்போனது. பின்னேரம் ஐந்தேகாலுக்கு அது கிடைத்துவிட்டது. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் 23 வயதுப் பையன் ஒருவன் கொழும்பிலும் ஹட்டனிலும் லண்டனிலும் கள்ளனாகிப் போனான். பார்சல் கிடைத்த பிறகும் பலருக்கு அவன் கள்ளன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தொடர்மாடிக் குடியிருப்பாளர் குழுவின் செயலாளர். தண்ணீர்த் தாங்கி கழுவும் நாள், லிஃப்ட் பழுது, மாதாந்தப் பராமரிப்புப் பணம் என்று என் வேலை அவ்வளவுதான். ஆனால் அன்றைய விஷயம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் தொடங்கியது, அந்தக் குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் அன்றைய உரையாடல் முழுவதையும் இறக்கி எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன்: இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது, நீங்கள் யாருக்கு அனுப்பினீர்கள்? வேறு வழியில்லை. வட்ஸ்அப்பில் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டும்தான் செய்தி திறக்கும். கைமாறி வந்த செய்தி என்று ஒரு சின்ன அம்புக்குறி காட்டுமே தவிர, முதலில் யார் போட்டார் என்று காட்டாது. ஆட்கள் வாய்திறந்து சொன்னால்தான் பாதை தெரியும். பெரும்பாலானோர் சொன்னார்கள். 11 குழுக்கள் வரை பின்தொடர்ந்து போக முடிந்தது. அதற்குப் பிறகு கயிறு அறுந்துவிட்டது.

பையன் இதை வாசித்துவிட்டுத்தான் வெளியிடச் சம்மதித்தான். வீட்டு இலக்கங்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அந்த மத்தியானம்

அவனுக்கு ஊர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புக்கு வந்தவன். முதலில் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடை, பிறகு லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்துப் பார்சல் விநியோகம். கொட்டாஞ்சேனையில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான்.

அன்று அவன் கொண்டுவந்தது 6பி அன்ரியின் மகளுடைய கல்யாண எழுத்துக்கு வாங்கிய சேலை. ஓடர் போட்டது அன்ரியின் மகன், பார்சலில் இருந்ததும் அவருடைய இலக்கம். பையன் மணி அடித்தான். அன்ரி குளித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு எடுத்தான். ராஜகிரியவில் அலுவலகத்தில் இருந்த அவர், "வாசலில வைச்சிட்டுப் போங்கோ தம்பி" என்றார். வைத்துவிட்டு இரண்டு மாடி இறங்கியிருப்பான், அவரே திரும்ப எடுத்தார். "வேண்டாம், செக்யூரிட்டியிட்டக் குடுங்கோ." சரி என்று மேலே ஏறி வந்து, பார்சலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, வாசலில் இருந்த செக்யூரிட்டி ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவர் மேசைக்குக் கீழே இருக்கும் சின்ன அலுமாரியில் வைத்தார். இரண்டு மணிக்கு முறை மாறியது. அடுத்தவருக்குச் சொல்ல அவருக்கு மறந்துபோனது.

இதில் ஒருவரும் தவறாக எதுவும் செய்யவில்லை. மறதி ஒன்றுதான்.

எதிர்வீடு 6ஏ. அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மகள் பாதுகாப்புக்கென்று வாசலில் ஒரு சின்னக் கமரா பூட்டிக் கொடுத்திருக்கிறார். அசைவு தெரியும்போது மட்டும் பதியும் வகை. ஒவ்வொரு அசைவும் தனித்தனித் துண்டாக அவருடைய போனில் வந்து விழும். அன்று மத்தியானம் விழுந்த ஒரு துண்டின் நீளம் 14 விநாடி.

அதை நான் குறைந்தது ஐம்பது தடவை பார்த்திருப்பேன். ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் வைத்தபடி படியேறி வருகிறான். 6பி கதவையும் 6ஏ கதவையும் மாறி மாறிப் பார்க்கிறான். குனிந்து பார்சலை எடுக்கிறான். முதுகுப் பையை முன்னுக்கு இழுத்து அதற்குள் வைக்கிறான். இன்னொரு முறை திரும்பிப் பார்க்கிறான். இறங்கிப் போகிறான். சத்தம் இல்லை.

அந்தப் பார்வையைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "திருட்டு முழி" என்று ஒருவர் எழுதினார். பிறகு நான் பையனிடமே கேட்டேன், ஏன் அப்படிப் பார்த்தாய் என்று. "யாராச்சும் கதவத் தொறந்தா சொல்லிட்டு எடுக்கலாம்னு பாத்தேன் அக்கா" என்றான்.

அவன் பார்சலை வைத்துவிட்டுப் போன துண்டும் அங்கிளின் போனில் இருந்தது. நான்கு நிமிடம் முந்தியது. அதே பட்டியலில், ஒரு வரி கீழே. விரலை ஒரு தடவை மேலே தள்ளியிருந்தால் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை அவரோடு உட்கார்ந்து நான்தான் அதைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கேள்விக்குறி எங்கே போனது

எங்கள் தொடர்மாடியில் 48 வீடுகள். குழுவில் 71 இலக்கங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற சொந்தக்காரர்களும் அதில் உண்டு. குளித்துவிட்டு வந்த அன்ரி வாசலில் பார்சல் இல்லை என்று எதிர்வீட்டில் கேட்க, அங்கிள் கமராவைப் பார்க்க, 2:10க்குக் குழுவில் இப்படி விழுந்தது:

"இந்தப் பெடியனை ஆருக்கும் தெரியுமோ? 6பி வாசலில் இருந்த பார்சலை எடுத்துக்கொண்டு போறான் போல கிடக்கு."

அங்கிள் நிதானமான மனிதர். அவருடைய வசனத்தில் "தெரியுமோ" இருக்கிறது, "போல கிடக்கு" இருக்கிறது. உண்மையாகவே கேட்கிறார்.

2:19க்கு மூன்றாம் மாடியில் ஒருவர் அதே காணொளியோடு இன்னொரு குழுவில் எழுதியது: "எங்கட பில்டிங்கில களவு. கவனம்." ஒன்பது நிமிடத்தில் கேள்வி போய்விட்டது. 2:31க்கு, வெள்ளவத்தை ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிற பெரிய குழுவில்: "அவதானம்!! பார்சல் கொடுக்க வருவது போல் வந்து வீடுகளில் திருடும் கும்பல். அனைவருக்கும் பகிரவும்." ஒருவன் கும்பலாகிவிட்டான், ஒரு வீடு வீடுகளாகிவிட்டது. இதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். நல்ல மனிசி. கோயில் அன்னதானத்துக்கு முதல் ஆளாக நிற்பவர். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டபோது, "சனம் கவனமா இருக்கட்டும் எண்டுதானே" என்றார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. எச்சரிக்கை என்றால் கொஞ்சம் அழுத்திச் சொன்னால்தான் எடுபடும் என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

2:52க்கு நான் அதைத் தெஹிவளையில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். "இங்க பார், எங்கட வீட்டடியில" என்று மட்டும் எழுதியிருந்தேன். அவள் அதைத் தன் மகனின் ரியூசன் அம்மாமார் குழுவில் போட்டாள். நான் பின்தொடர்ந்து கண்டுபிடித்த 11 குழுக்களில் நான்கு அந்தக் கிளையிலிருந்து போனவை. அதாவது என் விரலிலிருந்து.

வட்ஸ்அப்பில் இதற்கு ஒரு தடை உண்டு. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறிய செய்தி என்றால் இரட்டை அம்புக்குறி விழும், அதற்குப் பிறகு ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம். 2020இல் கொண்டுவந்தார்கள். ஆனால் காணொளியைப் போனில் சேமித்து, புதிதாக ஏற்றினால் அந்தக் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். நாலு மணிக்குப் பிறகு வந்த பிரதிகளில் அம்புக்குறியே இல்லை. ஒரு முகநூல் பக்கம் அதற்குப் பின்னணி இசையும் ஒரு சிவப்பு வட்டமும் போட்டு வெளியிட்டது. வட்டம் பையனின் முகத்தைச் சுற்றி.

இந்த நாட்டில் நாங்கள் இதை முதல் தடவையாகப் பார்க்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கிளம்பிய கதையில், கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் பயத்தில் தலையாட்டும் சின்னக் காணொளிதான் நாடு முழுவதும் ஓடியது. அது மாவுக் கட்டி என்று பரிசோதனையில் பிறகு தெரியவந்தது. ஆனால் அதற்குள் மார்ச் மாதம் கண்டிப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எங்கள் சம்பவத்தில் யாரும் கல்லெறியவில்லை, அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சில விநாடிக் காட்சி, சத்தமில்லாத ஒரு முகம், மேலே யாரோ எழுதிய ஒரு வரி என்ற அமைப்பு ஒன்றுதான்.

வாசல் புத்தகம்

காணொளியோடு நின்றிருந்தால் ஒருவேளை இரண்டு நாளில் அடங்கியிருக்கும். அப்படி நிற்கவில்லை.

எங்கள் வாசலில் ஒரு பெரிய கோடு போட்ட புத்தகம் இருக்கிறது. வருகிறவர் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், போன் இலக்கம், எந்த வீடு, எத்தனை மணி. மூன்று வருடத்துக்கு முன் குழுக் கூட்டத்தில் தீர்மானித்து நாங்கள் வைத்த நடைமுறை. அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. 2:40க்கு இரண்டாம் மாடித் தம்பி ஒருவர் கீழே போய் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். அவனுடைய வரி மட்டும் இல்லை, அன்று காலையிலிருந்து வந்த 17 பேரின் வரிகளும் அந்தப் படத்தில் இருந்தன. தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர், வீடு கூட்ட வருகிற அம்மா, அஞ்சலி செலுத்த வந்த ஒரு குடும்பம். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அடையாள அட்டை இலக்கத்தை நாங்கள் வெறும் இலக்கம் என்று நினைக்கிறோம். 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். இலக்கம் 2001561 என்று தொடங்கினால், 2001 மார்ச் முதலாம் திகதி பிறந்த பெண். பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடத்துக்கு மட்டும் இரண்டு இலக்கம். பெயர், பிறந்த திகதி, போன் இலக்கம் மூன்றும் ஒரே வரியில் கிடைத்தால் ஒருவருடைய பெயரில் என்னவெல்லாம் செய்யலாம் என்று வங்கியில் வேலை செய்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். வீடு கூட்ட வருகிற அம்மாவின் அந்த மூன்றையும் நாங்கள் 71 பேருக்கு அனுப்பியிருந்தோம்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. போன் இலக்கம் கிடைத்ததும் ஒருவர் அதைத் தன் போனில் சேமித்து வட்ஸ்அப்பில் தேடினார். முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை நாமாக மாற்றாவிட்டால் எல்லோரும் பார்க்கலாம். பையன் மாற்றியிருக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் எடுத்த படம்: அவன், அம்மா, சேலை கட்டிய தங்கை. 3:20க்கு அந்தப் படம் குழுவில் வந்தது. "இவன்தான். குடும்பம்" என்று கீழே.

4:40க்கு ஹட்டனில் உயர்தரம் படிக்கிற அந்தத் தங்கைக்கு, கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி அனுப்பினாள்: "இது உங்க அண்ணனா?" தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் படமே அதில் இருப்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் வகுப்புக்குப் போகவில்லை.

அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நின்ற சனம் நாங்கள். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடி வந்ததை அம்மாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். யுத்த காலத்தில் ஊரிலிருந்து யாராவது வந்து நின்றால் பொலிஸில் பதிய வேண்டும், அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. எங்கள் தொடர்மாடியிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் அப்படியான லொட்ஜ்கள் இருந்தன. பெயரும் ஊரும் ஒரு புத்தகத்தில் ஏறினால் அது யார் கைக்குப் போகும் என்ற பயம் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 6பி அன்ரிக்கு அந்தப் பயம் இன்றைக்கும் போகவில்லை, சோதனைச் சாவடியைக் கண்டால் கைப்பையைத் தடவுவார். அப்படிப்பட்ட நாங்கள் ஒரு புத்தகம் வைத்தோம், அதைப் படம் பிடித்துப் பரப்பினோம்.

இன்னொன்றும் இருக்கிறது. 3:05க்கு வந்த ஒரு குரல் பதிவில், "தோட்டத்துப் பெடியன்களை மேல விடக் கூடாது, கீழயே நிப்பாட்டோணும்" என்று இருந்தது. புத்தகத்தில் அவனுடைய ஊரும் எழுதியிருந்ததே. 2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களின் படங்களை இதே குழுவில் பகிர்ந்து பெருமைப்பட்டோம். அந்தக் குரல் பதிவுக்கு எட்டுப் பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

திருத்தம் போன தூரம்

ஐந்து மணிக்குக் கூட்டம் முடிந்து போனைப் பார்த்த 6பி மகன் அதிர்ந்துபோய் அம்மாவுக்கு எடுத்தார். "அம்மா, அது நான் சொல்லித்தான் எடுத்தவர்." செக்யூரிட்டி அறை அலுமாரியைத் திறந்தார்கள். சேலை அங்கேயே இருந்தது.

5:30க்கு அங்கிள் தன் செய்தியை அழித்தார். எல்லோருக்கும் அழி என்று கொடுத்தால் அந்தக் குழுவில் போட்டது மட்டும்தான் அழியும். மற்றவர்கள் எடுத்து அனுப்பியதை அது தொடாது. 5:50க்கு நான் குழுவில் விளக்கம் எழுதி, காணொளி அனுப்பிய எல்லோரும் இதையும் அதே இடங்களுக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். 34 பேர் பார்த்ததாகப் பதில் போட்டார்கள். காணொளி போன 11 குழுக்களில் என் விளக்கம் போய்ச் சேர்ந்தது மூன்றுக்கு.

ஏன் என்று கேட்டுக்கொண்டு போனபோது கிடைத்த பதில்களில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. "அது பழைய விஷயமாப் போச்சே அக்கா." "திரும்ப அதைக் கிளப்புவான் ஏன்?" "எனக்கு வெக்கமா இருந்தது." கடைசியாகச் சொன்னவர்தான் உண்மையைச் சொன்னார் என்று நினைக்கிறேன். எச்சரிக்கை அனுப்பும்போது நாலு பேருக்கு உதவுகிற ஆளாக இருக்கிறோம். திருத்தம் அனுப்பும்போது பிழைவிட்ட ஆளாக நிற்க வேண்டியிருக்கிறது.

முகநூல் பக்கத்துக்கு மூன்று தடவை எழுதினோம், தனிப்பட்ட விவரம் என்று முறையிட்டோம். மூன்றாம் நாள் எடுத்தார்கள். விளக்கம் எதுவும் போடவில்லை.

சட்டம்

பலரும் கேட்டது: இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது, ஆனால் எங்கள் சம்பவத்தில் சரியாகப் பொருந்தவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்கள் எங்கள் விவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதைச் சொல்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிப்போயின. அதைவிட, தனியாள் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அங்கிளின் வாசல் கமரா அந்த ஓட்டைக்குள் விழுகிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்க விவரங்களை வெளியிடுவது குற்றம். ஆனால் கருத்துச் சுதந்திரத்துக்கு அது ஆபத்து என்று நாட்டில் பலர் எதிர்த்த சட்டம் அது, எனக்கும் அந்தக் கவலை உண்டு. சும்மா பயந்துபோய்ப் பகிர்ந்த ஆறு அன்ரிமாரைச் சிறைக்கு அனுப்புவது பையனுக்கு எந்த விதத்தில் உதவும் என்றும் தெரியவில்லை.

எப்படியோ, முடிவெடுக்க வேண்டியவன் அவன்தான். முறைப்பாடு கொடுப்பதென்றால் நானும் வருகிறேன், எங்கள் குழுவுக்கு எதிராகவே கொடு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம் அக்கா. அங்கேயும் இன்னொரு புத்தகத்துல எம் பேரை எழுதுவாங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

வாகனம் நிறுத்தும் தளத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு 40 பேர் வரை இருந்தோம். இரண்டரை மணி நேரம் போனது. கமராக்கள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னவரும் இருந்தார், இன்னும் நாலு பூட்டச் சொன்னவரும் இருந்தார். தனியாக இருக்கிற வயதானவர்களின் பயம் பொய்யில்லை. 2022இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள்களிலிருந்து பெற்றோல் உறிஞ்சிய கதைகளை யாரும் மறக்கவில்லை. அதனால் கமரா இருக்கட்டும் என்று விட்டோம். எடுத்த காட்சி குழுவுக்கு வரக் கூடாது, எனக்கோ தலைவருக்கோ போன் பண்ண வேண்டும், நாங்கள் முன்பின் துண்டுகளையும் பார்த்துவிட்டு, பார்சல் கொண்டுவந்தவருக்கு முதலில் எடுத்துக் கேட்போம் என்று முடிவானது. புத்தகத்தில் இப்போது பெயர், வீட்டு இலக்கம், நேரம் மட்டும். அடையாள அட்டையை செக்யூரிட்டி ஐயா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஊர் எழுதும் கட்டத்தை அடித்துவிட்டோம். பழைய பக்கங்களைக் கிழித்து எரிக்க வேண்டும் என்று கேட்டவர் 6பி அன்ரி. எரித்தோம்.

குரல் பதிவைப் பற்றி யாரும் பேசத் தொடங்கவில்லை. நான்தான் எழுந்து, அதை அனுப்பியவரின் பெயரைச் சொல்லாமல், அதில் இருந்த வசனத்தை அப்படியே வாசித்தேன். சத்தமில்லாமல் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த கிழமை அங்கிளும் நானும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஓட்டோவில் முழுவதும் அவர் ஒரு தாளில் எழுதி வைத்ததை வாசித்து வாசித்துப் பார்த்தார். பையனின் அறையில் இருக்க ஒரு கதிரைதான் இருந்தது, அதை அவருக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டு அவன் நின்றான். அவர் தாளை மறந்துவிட்டு, "தம்பி, நான் பிழை விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னார். பரவாயில்லைங்க ஐயா என்றான். பிறகு, தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டான். "இத ஒரு வீடியோவா சொல்லிக் குடுப்பீங்களா? தங்கச்சி கிளாஸ்ல காட்டத்தான்."

அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து, பையனை அருகில் நிறுத்தி, அங்கிள் பேசினார். நான் என் போனில் எடுத்தேன். 46 விநாடி. தன் பெயர், தன் வயது, தான் போட்ட படம், உண்மையில் நடந்தது, இந்தப் பிள்ளை நேர்மையானவன் என்று. அது எங்கள் குழுவுக்கும் ஹட்டன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் போனது. தங்கை மறுநாள் வகுப்புக்குப் போனாள். முதல் காணொளி போன இடங்களுக்கு எல்லாம் அது போகவில்லை.

மிச்சமிருப்பது அவனுடைய போன் இலக்கம். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள், மற்றவர்கள் தங்கள் போனில் ஒரு இலக்கத்தை என்ன பெயரில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் எடுத்துக்கொள்கின்றன. தை மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவன் அழைத்தபோது, அந்த அம்மா திரையை அவனிடமே காட்டினாராம். "பார்சல் கள்ளன் வெள்ளவத்தை" என்று விழுந்திருந்தது. இலக்கத்தை மாற்று என்று நாங்கள் சொன்னோம். லீசிங் கொம்பனி, வேலை, ஊர், எல்லாம் அந்த இலக்கத்தில்தான் இருக்கிறது என்றான். பெயரைத் திருத்தும்படி அந்தச் செயலிக்கு எழுதினோம், இப்போது வெறும் இலக்கம்தான் காட்டுகிறது. எத்தனை பேரின் போனில் இன்னும் அந்தப் பெயரில் இருக்கிறான் என்று பார்க்க வழியில்லை.

எங்கள் பகுதிக்கு இப்போதும் அவன்தான் வருகிறான். மேலே வருவதில்லை. வாசலுக்கு வெளியே, கமரா எட்டாத இடத்தில், ஹெல்மட்டோடு நின்று போன் பண்ணுவான். நான் படியிறங்கிப் போய் வாங்கிக்கொள்வேன். போன கிழமை 6ஏ அங்கிளுக்கு ஒரு பார்சல் வந்தது. முழங்கால் வலியோடு அவரும் கைத்தடியை ஊன்றி, அவ்வளவு தூரம் இறங்கிப் போய்த்தான் வாங்கிக்கொண்டு வந்தார்.